புதுக் கல் வாங்கும் முன் பிசிறைத் தேடுங்கள்

ரங்கூனில் தச்சு வேலை பழகுபவர்களுக்குச் சீக்கிரமே வரும் கவலை இது. காலையில் தீட்டிய உளி மதியத்துக்குள் மழுங்கிவிடும். கல் சரியில்லை என்று தோன்றும். 3000, 8000 எண் கற்கள் (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்), அப்புறம் வைரத் தட்டு, மின்சாரச் சாணை என்று ஆசை நீளும். ஆனால் தேக்கில் சிலிக்கா இருக்கிறது. எந்தக் கல்லில் தீட்டினாலும் அது உளியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, தின்னத்தான் செய்யும். நமக்கு வேண்டியது நாலைந்து நிமிடத்தில் மறுபடி தீட்டிவிட்டு வேலைக்குத் திரும்பும் பழக்கம்.

அதற்கு 1000 எண் தண்ணீர்க் கல், 6000 எண் கல், ஒரு தோல் துண்டு, தடித்த கண்ணாடி, 220 எண் உப்புத்தாள் (தண்ணீரில் நனைக்கும் வகை) போதும்.

1. கல்லைச் சமமாக்குங்கள். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போடுங்கள். கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் தெளித்து, கோடெல்லாம் அழியும்வரை கல்லைத் தேயுங்கள். நடுவில் கோடு மிஞ்சினால் அங்கே குழி இருக்கிறது. தேய்ந்துபோனது என்று ஒதுக்கப்படும் கற்களில் பலவும் இப்படிக் குழி விழுந்தவைதான்.

2. உளியின் பின்முகத்தில் (சரிவு இல்லாத தட்டையான பக்கம்), வாயை ஒட்டிய ஒரு விரல் அகலத்தை மட்டும் தட்டையாக்குங்கள். புது உளிக்கு ஒருமுறை செய்தால் போதும்.

3. கோணத்துக்கு எந்தக் கருவியும் வேண்டாம், அளவுகோல் போதும். சரிவின் நீளம் உளியின் தடிமனைப் போல இரு மடங்கு இருந்தால் 30 பாகை. 3 மி.மீ. தடிமனுக்கு 6 மி.மீ. சரிவு. அதே உளியில் சரிவு 7 மி.மீ. இருந்தால் ஏறக்குறைய 25 பாகை. பியின்கடோ போன்ற கடின மரத்தில் கொட்டாப்புளியால் அடித்து வேலை செய்வதற்கு 30 தான் நல்லது.

4. முக்கியமான படி இதுதான். சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு 1000 கல்லில் தேயுங்கள். பிறகு பின்முகத்திலிருந்து வாய்க்கு வெளியே விரலைத் தள்ளித் தடவுங்கள். வாயின் நீளத்துக்குத் தடவினால் விரல் அறுந்துவிடும். வாயின் அகலம் முழுவதும் மெல்லிய பிசிறு, அதாவது தேய்த்ததில் பின்பக்கம் மடிந்து நிற்கும் உலோக விளிம்பு, தட்டுப்பட வேண்டும். ஒரு மூலையில் மட்டும் தட்டுப்படவில்லையா? அங்கே மை இன்னும் ஒட்டியிருக்கும், கல் அந்த இடத்தைத் தொடவில்லை. இந்த நிலையில் 8000 கல் வாங்கினாலும் அந்த மூலை மழுங்கியேதான் இருக்கும். மினுமினுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், பிசிறை மட்டும் நம்புங்கள்.

5. 6000 கல்லில் சரிவைச் சில தடவை தேய்த்து, பின்முகத்தைத் தட்டையாக வைத்து ஒருமுறை இழுங்கள். பிசிறு போகும்வரை இப்படி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கடைசியில் தோலில், வாய் பின்தங்கும்படி பின்னோக்கி மட்டும் இழுக்க வேண்டும்.

பைன் கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் சீவிப் பாருங்கள். நார் நசுங்காமல் வழவழப்பாக வந்தால் சரி.

வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆணியில் பட்டு வாய் உடைந்தால் 400 எண் கல் இல்லாமல் முடியாது. வளைந்த உளிக்குத் தனிக் கல் வேண்டும். அந்த வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் தீட்டி முடித்ததும் உளியைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். கல்லை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், சில வகைக் கற்கள் விரிசல் விட்டுவிடும்.