நெட் இல்லாத ஊருக்கு லினக்ஸ் கொண்டுபோக

உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் பழைய லேப்டாப் இருக்கும், மென்பொருள் இறக்குகிற அளவுக்கு நெட் இருக்காது. மதுரையில் வைஃபை வைத்திருப்பவர்கள் நினைத்தால் ஒரு பென்டிரைவில் இதைத் தீர்க்கலாம்.

32 ஜி.பி. பென்டிரைவில் வென்டாய் (Ventoy, பென்டிரைவிலிருந்தே கணினியைத் துவக்க உதவும் இலவசக் கருவி) நிறுவுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலிலேயே வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். அப்புறம் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருள்) முழுவதும் அடங்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கி அப்படியே அதில் போட்டால் பூட் ஆகும், அதாவது லேப்டாப் அந்தப் பென்டிரைவிலிருந்தே துவங்கும். ஆனால் கோப்பு கெடாமல் இறங்கியதா என்று காட்டும் செக்சம் எண்ணை லினக்ஸ் மின்ட் தளத்தில் இருப்பதோடு கட்டாயம் ஒப்பிடுங்கள்; நான் ஒருமுறை பார்க்காமல் பஸ் ஏறிப் போய், கெட்டுப்போன கோப்பு பாதியில் நின்று, காத்திருந்த பிள்ளைகளின் முகம் வாடியது இன்னும் மனசில் இருக்கிறது.

விண்டோஸைக் கைவிட விரும்பாதவர்களுக்கு வி.எல்.சி. (வீடியோ, பாட்டு ஓட்ட), லிப்ரே ஆபிஸ் (கடிதம், கணக்கு எழுத) இரண்டையும் தனி ஃபோல்டரில் போடுங்கள். லிப்ரே ஆபிஸை நிறுவும்போது 'கஸ்டம்' போய்த் தமிழைத் தேர்ந்தெடுத்தால் மெனுவே தமிழில் கிடைக்கும்.

"காப்பி பண்றது தப்பில்லையா?" என்று கேட்பார்கள். இல்லை, இவற்றின் உரிமமே பகிர அனுமதிக்கிறது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். லினக்ஸை உடனே நிறுவிவிடாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டுங்கள், சத்தம் வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும். கிளம்பும்போது பென்டிரைவை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.