தியேட்டர் லிஸ்ட் பிந்தாமல் போவதற்கு

தியேட்டர் லிஸ்ட் என்பது சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு நாளில் யார் யாருக்கு எந்த வரிசையில் சிகிச்சை என்ற பட்டியல். அதைப் போடும்போது பெரும்பாலும் சத்திரசிகிச்சை நிபுணரின் நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். கணக்கு பிழைப்பதும் அங்கேதான். திருகோணமலை போன்ற ஒரு மாவட்டத்தின் வைத்தியசாலையில் நிபுணர் வந்திருப்பார், மேசையும் வெறுமையாக இருக்கும்; மயக்கமருந்து வைத்தியர் அவசர சிசேரியனுக்குப் போயிருப்பார், அல்லது கருவிப் பெட்டி ஒட்டோகிளேவுக்குள் (நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) கிடக்கும். எது குறைவோ அதிலிருந்து லிஸ்டைத் தொடங்குங்கள்.

முதலில் நேரம். தியேட்டர்ப் பதிவுக் கொப்பியில் ஒவ்வொரு வகைச் சிகிச்சையிலும் கடைசி 20 பேரை எடுத்து, நோயாளி உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனது வரை எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். வெட்டியதிலிருந்து தைத்தது வரை மட்டும் எடுத்தால் மயக்கம் கொடுப்பதும் தெளியவைப்பதும் விடுபட்டுப்போகும். ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் வருவதைப் பிடியுங்கள். நிபுணருக்கு நிபுணர் தனித்தனியாக வையுங்கள். ஆனால் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுக் காட்டத் தொடங்கினால் அடுத்த மாதமே கொப்பியில் உண்மை நேரம் இருக்காது.

நடு எண்களைக் கூட்டினால் நாள் எப்போதும் கொஞ்சம் சிறிதாகவே தெரியும். சிகிச்சை சீக்கிரம் முடிந்தால் 10 நிமிடம் மிஞ்சும், இழுபட்டால் ஒன்றரை மணித்தியாலம் போகும். அதனால் நாளின் மொத்த நேரத்தில் 15 முதல் 20 சதவீதத்தை விட்டுவைக்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு: காலை 8 முதல் மாலை 4 வரை 480 நிமிடம்; அதில் 72 முதல் 96 நிமிடம் மிஞ்ச வேண்டும். பித்தப்பை லப்பரஸ்கொப்பி (சிறு துளை வழியாகச் செய்வது) 100, ஹேர்னியா (குடலிறக்கம்) இரண்டு தலா 70, கட்டி ஒன்று 45, மொத்தம் 285. இடையில் துடைத்து மேசை அடுக்க ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம், மூன்று தடவைக்கு 60. ஆக 345. ஐந்தாவதாக இன்னொரு ஹேர்னியாவைச் செருகினால் 435 ஆகும், மிச்சம் 45தான், போடாதீர்கள். 30 நிமிடச் சிறு சிகிச்சை என்றால் 395, மிச்சம் 85, போடலாம்.

ஹேர்னியாக் கருவிப் பெட்டி ஒன்றுதான் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து வைக்க முடியாது. 134 பாகையில் கிருமி நீக்கம் சில நிமிட வேலைதான். கழுவி, பொதி செய்து, உலர்த்தி, ஆறி வருவதற்குள் இரண்டு மணித்தியாலம் போய்விடும்.

வரிசையில் குழந்தைகளும் நீரிழிவுக்காரரும் முதலில், சீழ் பிடித்த புண்கள் கடைசியில். எல்லோருக்கும் ‘இரவு 12க்குப் பிறகு ஒன்றும் வேண்டாம்’ என்று விடுதியில் சொல்லிவிட்டால் பிற்பகல் 2 மணிக்காரர் 14 மணித்தியாலம் வரண்டு கிடப்பார். திட உணவுக்கு 6 மணித்தியாலம், தண்ணீருக்கு 2; அவரவர் நேரத்துக்கேற்ப லிஸ்டிலேயே எழுதி அனுப்புங்கள். புல்மோட்டை, வெருகல் போன்ற தூரத்து ஊர்ப் பக்கத்திலிருந்து அன்று காலை வருபவருக்கு முதலிடம் கொடுக்காதீர்கள். பஸ் பிந்தினால் முழு லிஸ்டும் பிந்தும்.

வைத்தியர் பணிப்பட்டியலில் மூன்று இடத்தில் இடறும். இரவு ஒன்-கோல் (அவசர அழைப்புக் கடமை) செய்தவருக்கு மறுநாள் முதல் லிஸ்ட் கூடாது. கிளினிக்கும் லிஸ்டும் ஒரே காலையில் விழக்கூடாது. போயா (பௌர்ணமி விடுமுறை) மாதந்தோறும் வேறு வேறு கிழமையில் வரும். வாரத்துக்கு ஒரே நாள் வைத்திருக்கும் நிபுணர் அந்த நாளை இழப்பார். ஆண்டுத் தொடக்கத்திலேயே போயா நாட்களைக் குறித்து மாற்று நாள் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை 11.30க்கு நீண்ட சிகிச்சை தொடங்குவதும் வேண்டாம். ஜும்ஆத் தொழுகைக்குப் போகவேண்டிய ஊழியர் நடுவில் மாறவேண்டி வரும்.

இரண்டு மேசை இருந்தால் ஒன்றை அவசரத்துக்கே விடுங்கள். ஒன்றுதான் என்றால், அவசரம் வந்தால் யார் தள்ளிப்போவார் என்பதை முதல்நாள் மாலையே தீர்மானித்து எழுதுங்கள். தள்ளிப்போனவருக்கு உடனே சாப்பாடு கொடுக்கச் சொல்லி, அடுத்த திகதியை விடுதியை விட்டுப் போகுமுன்னரே கையில் கொடுங்கள். அந்த நாளில் அவரை முதலாம் அல்லது இரண்டாம் இடத்தில் போடுங்கள். கடைசியில் போட்டால் மறுபடியும் அவர்தான் தள்ளுப்படுவார்.