சுமையோடு நடக்கப் பழகுவது எப்படி? காலாட்படைக்குப் புதியவருக்கும், அடுத்த நிலைக்குப் போகிறவருக்கும்

காலாட்படையில் சேரத் தயாராகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஓட்டத்தைப் பற்றித்தான். எத்தனை நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும், எத்தனை தண்டால் எடுக்க வேண்டும் என்று. ஆனால் நான் பயிற்சி கொடுத்த காலத்தில் ஆட்களைப் படுக்கையில் தள்ளியது ஓட்டம் அல்ல. முதுகில் பை, கையில் ரைபிள், மணிக்கணக்கில் நடை. மூச்சில் தெம்பு இருந்தும் கால் ஒத்துழைக்காமல் உட்கார்ந்தவர்கள் பலர். அவர்களில் நல்ல ஓட்டக்காரர்களும் இருந்தார்கள்.

அதனால் இந்தப் பதிவு சுமை நடைக்கு மட்டும். முதலில் வருவது இனிமேல்தான் தொடங்கப்போகிறவருக்கு. கடைசியில் வருவது அடிப்படைப் பயிற்சி முடித்து, எட்டு, பத்துப் பேர் கொண்ட சிறு குழுவான செக்‌ஷனோடு சேர்ந்து நடக்கப்போகிறவருக்கு.

வண்டியும் ஹெலிகாப்டரும் இருக்கும் காலத்தில் நடை எதற்கு என்று தோன்றலாம். 1982 மே 21 அன்று பிரிட்டிஷ் படை, அர்ஜென்டினா பிடித்து வைத்திருந்த பாக்லாந்து தீவுகளில் சான் கார்லோஸ் கரையில் இறங்கியது. நான்கு நாள் கழித்து அட்லாண்டிக் கன்வேயர் என்ற கப்பல் ஏவுகணையில் அடிபட்டது. அதில் வந்திருந்த சினூக் ஹெலிகாப்டர்களில் ஒன்றுதான் தப்பியது. முழுப் படையையும் தூக்கிப்போக வழியில்லை. ராயல் மரீன்களும் (பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த காலாட்படை) பாராசூட் படையினரும் அந்தச் சேற்று நிலத்தில் 35 கிலோவுக்கும் மேல் சுமந்துகொண்டு தீவின் குறுக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நடந்தார்கள். நடந்து முடித்த பிறகுதான் மலைகளில் போர். காலாட்படை வீரருக்கு நடை முடியும் இடத்தில் வேலை தொடங்குகிறது. போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, சேர்ந்த இடத்தில் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். கீழே உள்ள எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: பாதத்தைத் தயார் செய்யுங்கள்

சுமையைத் தொடுவதற்கு முன் இரண்டு வாரம் பாதத்துக்கு ஒதுக்குங்கள். பூட்ஸை மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பகலெல்லாம் நின்று நடந்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும், சுமை நடையிலும் அப்படித்தான் வீங்கும். எந்த சாக்ஸோடு நடக்கப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது.

இரண்டு பூட்ஸ் சமமாகப் பொருந்தினால் எடை குறைந்ததை எடுங்கள். காலில் கூடும் 1 கிலோ, முதுகில் கூடும் 1 கிலோவைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு உழைப்பைத் தின்னும். ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி, வீசி, இறக்குகிறோம் அல்லவா.

புது பூட்ஸில் முதல் நாளே நீண்ட நடை வேண்டாம். தினமும் அரை மணி, ஒரு மணி என்று போட்டு நடந்து பழக்குங்கள். சாக்ஸ் பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும், ஈரத்தோல் சீக்கிரம் உரியும். கம்பளி கலந்ததோ செயற்கை இழையோ நல்லது. உள்ளே ஒரு மெல்லிய சாக்ஸ், மேலே ஒரு தடித்த சாக்ஸ் போட்டால், உராய்வு தோலில் நடக்காமல் இரண்டு துணிகளுக்கு நடுவில் நடக்கும். கால் நகங்களை நேராக வெட்டுங்கள், ஓரத்தை வளைத்து வெட்டினால் சதைக்குள் வளரும்.

படி 2: பையைக் கட்டுங்கள்

கனமான பொருள் தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும். முதுகிலிருந்து தள்ளிப் போகப் போக அதே எடை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் கூன வேண்டிவரும். மேடு பள்ளமான நிலமாக இருந்தால் கனத்தைச் சற்றுக் கீழே இறக்கிக் கட்டுங்கள், தடுமாற்றம் குறையும்.

பையைப் போட்டதும் முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இறுக்குங்கள். அதன் பிறகுதான் தோள் பட்டை. இந்த வரிசை மாறினால் மொத்தச் சுமையும் தோளில் தொங்கும். கை மரத்துப்போகிறது, விரல்களில் பூச்சி ஊர்வது போல இருக்கிறது என்றால், தோள் பட்டை கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகளை அழுத்துகிறது என்று பொருள். உடனே சுமையை இடுப்புக்கு மாற்றுங்கள். பொறுத்துக்கொண்டு நடந்து, பல வாரம் கையைத் தூக்க முடியாமல் போனவர்கள் உண்டு.

பழகும்போது எடைக்கு எதைப் போடுவது? என் பரிந்துரை தண்ணீர். 1 லிட்டர் என்பது 1 கிலோ, கணக்கு எளிது. வழியில் முட்டியோ காலோ வலித்தால் கொட்டிவிட்டு வெறும் பையோடு திரும்பலாம். ஜிம்மில் கிடைக்கும் இரும்புத் தட்டைச் சும்மா உள்ளே போடாதீர்கள், ஓரம் முதுகில் குத்தும், பை ஆடும். பாட்டில்களைத் துண்டில் சுற்றி அசையாமல் அடுக்குங்கள்.

படி 3: எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு நடை

சுமை இல்லாமல் 5 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் நடந்து, மறுநாள் எங்கும் வலி இல்லாமல் எழ முடிகிறதா? அப்படியானால் தொடங்கலாம். முடியவில்லை என்றால் அதை முதலில் சாதியுங்கள். இதய நோயோ பழைய எலும்பு முறிவோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கான கணக்கு இது:

முதல் வாரம்: 6 கிலோ, 4 கிலோமீட்டர்
2-ஆம் வாரம்: 6 கிலோ, 5 கிலோமீட்டர்
3-ஆம் வாரம்: 8 கிலோ, 5 கிலோமீட்டர்
4-ஆம் வாரம்: 6 கிலோ, 4 கிலோமீட்டர்
5-ஆம் வாரம்: 8 கிலோ, 6 கிலோமீட்டர்
6-ஆம் வாரம்: 10 கிலோ, 6 கிலோமீட்டர்
7-ஆம் வாரம்: 10 கிலோ, 8 கிலோமீட்டர்
8-ஆம் வாரம்: 12 கிலோ, 8 கிலோமீட்டர்

முதலில் கிலோமீட்டருக்கு 12 நிமிடம், கடைசியில் 10 நிமிடம். எடை, தூரம் இரண்டில் எந்த வாரமும் ஒன்றை மட்டும்தான் கூட்ட வேண்டும் (5-ஆம் வாரத்தை 3-ஆம் வாரத்தோடு ஒப்பிடுங்கள்), வேகம் மெல்ல மெல்ல வரட்டும். நான்காவது வாரம் இறங்கி வருவது எழுத்துப் பிழை அல்ல, அந்த ஓய்வு வேண்டும் என்றே வைத்தது.

பலர் இந்த அட்டவணையைப் பார்த்து, "இவ்வளவுதானா? நான் முதல் வாரமே 15 கிலோ தூக்குவேனே" என்பார்கள். தூக்குவார்கள்தான், சந்தேகமில்லை. மூச்சும் தசையும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்பு அப்படி அல்ல. புதிய பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள, எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. அரித்தது நிரம்ப மாதக்கணக்கு ஆகும். நடுவில் உள்ள அந்த வாரங்களில் எலும்பு முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும், நமக்கோ உடம்பு தேறிவிட்டது போலத் தெம்பாக இருக்கும். அந்த நேரத்தில் எடையைக் கூட்டினால் மயிரிழை போன்ற விரிசல் விழும். 1855-இலேயே பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட நடைக்குப் பிறகு வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பில் விழுந்த விரிசல் என்று தெரிந்தது.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. பயிற்சியில் ஐந்தாவது வாரம், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஓர் இடம் வலித்தது. சொன்னால் பின்தங்கிவிடுவோம் என்று ஒன்பது நாள் மறைத்தேன். பத்தாம் நாள் ஊன்றவே முடியவில்லை. ஒன்பது நாளுக்கு முன் சொல்லியிருந்தால் இரண்டு மூன்று வார ஓய்வோடு போயிருக்கும், நான்கு மாதம் ஆனது. தசை வலி பரவலாக இருக்கும், நடக்க நடக்கக் குறையும். எலும்பு வலியை ஒரே விரலால் தொட்டுக் காட்டலாம், நடக்க நடக்கக் கூடும், இரவில் படுத்தாலும் விடாது. இரண்டாவது வகை வலி வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

சுமையோடு ஓடாதீர்கள். சுமை நடையை அடுத்தடுத்த நாளில் வைக்காதீர்கள். வயிறாரச் சாப்பிடுங்கள், எடை குறைப்பதற்கான காலம் இது அல்ல.

படி 4: நடக்கும் விதம்

அடியைக் குறுக்குங்கள். வேகம் வேண்டுமென்றால் அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், நீளத்தைக் கூட்டாதீர்கள். காலை எட்டிப்போட்டால் குதிகாலில் விழும் அடி முழங்கால் வரை ஏறும். சரிவில் இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கி, இன்னும் சின்ன அடியாக வையுங்கள். கைகளைப் பட்டையில் மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள், தடுக்கி விழுந்தால் ஊன்ற கை இருக்காது.

படி 5: நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பல படைகளில் பழகிவந்த கணக்கு ஒன்று உண்டு. முதல் 45 நிமிடம் நடந்ததும் 15 நிமிடம் நிறுத்தம். அதன் பிறகு 50 நிமிட நடை, 10 நிமிட நிறுத்தம். முதல் நிறுத்தம் நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பை எங்கே உறுத்துகிறது, பூட்ஸ் கயிறு எங்கே தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

பையைக் கழற்றுங்கள். காலைப் பையின் மேல் தூக்கி வையுங்கள். பாதத்தில் எங்காவது காந்துகிறதா என்று பாருங்கள். காந்தும் இடம்தான் அடுத்த அரை மணியில் கொப்புளம். அங்கே அப்போதே மருத்துவப் பிளாஸ்திரியைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று விட்டுவிடுபவர்களே கடைசியில் நொண்டுகிறார்கள். கொப்புளம் வந்தேவிட்டு, நடக்க முடியாத அளவுக்கு அழுத்தினால், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் கட்டுங்கள். அந்தத் தோலைவிட நல்ல கட்டு கிடையாது.

சாக்ஸ் ஈரமானால் மாற்றுங்கள். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நாள் கணக்கில் ஈரத்தில் நின்று ஆயிரக்கணக்கானோரின் பாதம் செத்துப்போனது. அதைக் கட்டுப்படுத்தியது காய்ந்த சாக்ஸும், அதிகாரிகள் நடத்திய பாதச் சோதனையும், இருவர் இருவராகப் பிரிந்து ஒருவர் பாதத்துக்கு மற்றவர் திமிங்கில எண்ணெய் தேய்த்ததும்தான்.

வெயிலில் நடந்தால் மணிக்கு அரை லிட்டர் முதல் 1 லிட்டர் வரை தண்ணீர், சிறிது சிறிதாக. மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. அளவுக்கு மிஞ்சிய தண்ணீர் இரத்தத்தில் உப்பைக் குறைத்து உயிரையே எடுக்கும். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும். உடன் நடப்பவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உதவிக்கு அழைத்துக்கொண்டே பையையும் சட்டையையும் கழற்றி, குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்த்துங்கள், தலை மட்டும் நீருக்கு மேலே இருக்கட்டும். அதற்கு வழியில்லை என்றால் ஈரத்துணியால் மூடி, நீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். முதலில் குளிர வையுங்கள், பிறகு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

படி 6: மேல்நிலை, செக்‌ஷனாக நடப்பது

இதுவரை உங்கள் காலை மட்டும் பார்த்தீர்கள். இனி எட்டு, பத்துப் பேரின் கால்.

முதலில் இடைவெளி. பகலில் ஆளுக்கு ஆள் 2 முதல் 5 மீட்டர், இரவில் 1 முதல் 3 மீட்டர். முன்னால் போகிறவர் ஓடையைத் தாண்டியதும் பழைய வேகத்தைப் பிடித்தால், பின்னால் ஒவ்வொருவரும் தாண்டித் தாண்டி இடைவெளி நீண்டு, கடைசி ஆள் ஓட வேண்டியிருக்கும். அதே சுமை, அதே தூரம், ஆனால் கடைசி ஆள் இரண்டு மடங்கு களைப்பார். ஆகவே தடையைத் தாண்டியதும் முன்னவர் நடையைத் தளர்த்தி, கடைசி ஆள் தாண்டிவிட்டார் என்ற சைகை வந்த பிறகுதான் வேகம் கூட்ட வேண்டும். மெதுவாக நடப்பவரை வால்பகுதியில் விடாதீர்கள், முன்வரிசைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இரண்டாவது, பொதுச் சுமை. இயந்திரத் துப்பாக்கி, அதன் குண்டுகள், ரேடியோ பேட்டரி எல்லாம் தனி ஒருவரின் விதி அல்ல. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கைமாற வேண்டும். புறப்படும் முன் கமாண்டர் எல்லோருடைய பையையும் எடைபோட்டு, தேவையில்லாததை எடுத்து வெளியே வைக்க வேண்டும். சண்டையில் உடம்போடு இருக்க வேண்டியது எது, மோதலுக்கு முன் இறக்கி வைக்கக்கூடியது எது என்று இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள். சுமையைத் தண்டனையாகக் கொடுக்கும் வழக்கத்தை நான் முழுமையாக எதிர்க்கிறேன். தண்டனைக்காக ஏற்றிய 10 கிலோ ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. எலும்பை உடைத்துப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, தூரக் கணக்கு. 100 மீட்டரை அளந்து, இடது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணுங்கள். சமதரையில் பலருக்கும் அறுபதை ஒட்டி வரும். சுமையோடும், ஏற்றத்திலும், இருட்டிலும் தனித்தனியாக எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மூன்றும் வேறு வேறு எண்ணாக வரும். நேர மதிப்பீட்டுக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவும். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். சுமையும் இரவும் சேர்ந்தால் அதற்கு மேல் கூட்டிக்கொள்ளுங்கள்.

அமெரிக்கத் தரைப்படையில் தேர்ந்த காலாட்படை வீரருக்கான சின்னம் பெற 12 மைல், அதாவது 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 3 மணி நேரத்தில் சுமையோடு நடக்க வேண்டும். ராயல் மரீன் பயிற்சியில் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 30 மைலை 8 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். இவை தேர்வுகள். வாரம் தவறாமல் தேர்வையே பயிற்சியாக நடத்தும் செக்‌ஷனில் மூன்றாம் மாதம் பாதிப்பேர் மருத்துவப் பிரிவில் இருப்பார்கள்.

கடைசியாக, மேல்நிலை நடைக்கு முடிவில் ஒரு வேலை வையுங்கள். நடந்து முடித்த 10 நிமிடத்துக்குள் குறிபார்த்துச் சுடுவது, எதிரே உள்ள சரிவில் பார்த்ததை வரைந்து காட்டுவது, ஸ்ட்ரெச்சரில் ஒருவரை 200 மீட்டர் தூக்கிப்போவது, இதில் ஏதாவது ஒன்று. குண்டுகள் இலக்கில் சிதறியிருந்தால் அடுத்த வாரம் எடையைக் குறையுங்கள், வேகத்தையும் குறையுங்கள். அந்த வேலையும் முடிந்த பிறகு எல்லோரும் பூட்ஸைக் கழற்றி உட்கார, கமாண்டர் டார்ச்சோடு ஒவ்வொரு பாதமாகப் பார்த்து, யாருக்கு எங்கே காந்தல், எங்கே எலும்பு வலி என்று குறித்துக்கொண்டு, அதன் பிறகு தன் பூட்ஸைக் கழற்ற வேண்டும்.