சீன அரண்மனைத் தோட்ட ஓவியங்களில் நீரை வாசிக்கும் முறை

நிலக்காட்சி ஓவியத்தைச் சீனர்கள் 'ஷான்ஷுய்' என்கிறார்கள். மலை, நீர் என்னும் இரு சொற்கள் சேர்ந்ததே அப்பெயர். எனவே நீரை வெறும் பின்னணியாகக் கருதுபவர் ஓவியத்தில் பாதியைத் தவறவிடுகிறார்.

பழகுவதற்கு ஏற்றது, பேரரசர் சியான்லோங்கின் ஆணைப்படி ஷென் யுவான், தாங் தாய் என்னும் அரசவை ஓவியர்கள் பட்டில் தீட்டி 1744இல் நிறைவுற்ற, பெய்ஜிங் யுவான்மிங்யுவான் தோட்டத்தின் நாற்பது காட்சிகள். பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் 1860இல் அத்தோட்டத்தைச் சூறையாடின; பின்னர் பிரித்தானியப் படை அதை எரித்தது. இத்தொகுப்பு இன்று பாரிஸில் பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

படி 1: கரையைப் பின்தொடருங்கள்

கட்டடங்களை மறந்துவிட்டு, நீரின் விளிம்பை மட்டும் விரலால் தொடருங்கள். ஓடை ஒரு பாறைக்கோ பாலத்துக்கோ பின்னால் மறையும் இடத்தில் நில்லுங்கள். ஊற்றும் முடிவும் கண்ணுக்குப் புலப்படாததால்தான் சிறு குளமும் எல்லையற்றதாகத் தோன்றுகிறது.

படி 2: தீவுகளை எண்ணுங்கள்

அதிகப் பொருள் பொதிந்திருப்பது இங்கேதான். தோட்டத்தில் 'பின் ஏரி' எனப்படும் ஏரியைச் சுற்றி ஒன்பது தீவுகள் அமைந்துள்ளன. பெருவெள்ளத்தை அடக்கிய யூ மன்னன் நாட்டை ஒன்பது மாநிலங்களாகப் பிரித்தான் என்பது பழங்கதை. ஆகவே ஒன்பது என்றால் முழு நாடு. பேரரசரின் இருப்பிடம் அவற்றுள் தெற்கே உள்ள தீவில் இருப்பதைக் கவனித்தால், அந்த நீர்ப்பரப்பு நாட்டின் வரைபடமாகவே மாறிவிடும்.

மூன்று தீவுகள் வேறு கதை சொல்கின்றன. கிழக்குக் கடலில் சாவற்றவர்கள் வாழும் பெங்லாய், ஃபாங்ஜாங், யிங்சோ ஆகிய தீவுகள் உண்டு என்று சீனர்கள் நம்பினர். ஹான் வம்சத்துப் பேரரசர் வூ தம் அரண்மனைக் குளத்திலேயே அவற்றைச் செய்வித்தார். பின்வந்த அரசர்களும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர். யுவான்மிங்யுவானின் 'ஃபூஹாய்' ஏரி நடுவே தெரியும் மூன்று தீவுகள் அந்த மரபில் வந்தவையே. ஏரிக்கு 'நற்பேற்றுக் கடல்' என்று பெயரிட்டதும் தற்செயலன்று.

படி 3: நீர்மேல் நிற்கும் கட்டடத்தைத் தேடுங்கள்

ஒரு காட்சியில், ஒன்றோடொன்று இணைந்த 33 அறைகள் ஸ்வஸ்திக வடிவில் நீர்மேல் நிற்கின்றன. பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சென்ற இச்சின்னத்தைச் சீனர்கள் 'வான்' என்று ஒலிக்கின்றனர். 'பத்தாயிரம்' என்னும் சொல்லுக்கும் அதே ஒலி. பத்தாயிரம் திசைகளும், அதாவது எல்லாத் திசைகளும், அமைதியுற்றன என்பது அக்கட்டடப் பெயரின் கருத்து. அசையாத நீர் அந்தப் பெயருக்குச் சாட்சியாகக் கீழே கிடக்கிறது; என் பார்வையில் தொகுப்பிலேயே மிகத் துணிச்சலான அரசியல் கூற்று இதுதான்.

படி 4: மலையோடு சேர்த்துப் பாருங்கள்

அறிவுடையோர் நீரிலும் அருளுடையோர் மலையிலும் இன்புறுவர் என்றார் கன்பூசியஸ். ஓவியத்தில் இவ்விரண்டும் அருகருகே வந்தால், அரசர் இரு பண்புகளையும் தமக்கு உரியனவாகக் காட்டிக்கொள்கிறார் என்று வாசிக்கலாம்.

படி 5: இறுதியில் கவிதை

ஒவ்வோர் ஓவியத்துக்கும் எதிரே சியான்லோங்கின் கவிதை எழுதப்பட்டுள்ளது. அதன் மொழிபெயர்ப்பை முதலிலேயே படித்துவிடாதீர்கள். நீங்கள் நீரில் கண்டதைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் அரசர் சொன்னதோடு ஒப்பிடுங்கள்.