ஜோடியாக நாலு நாள் வெளிநாட்டுப் பயணமா? பெட்டியைக் கலந்து அடுக்குங்கள்

அவருக்கு ஒரு பெட்டி, உங்களுக்கு ஒரு பெட்டி என்று பிரிக்காதீர்கள். ஒரு பெட்டி விமானத்தில் வராமல் போனால் ஒருவருக்கு மாற்றுத்துணியே இருக்காது. நாலு நாள் பயணத்தில் பெட்டி வந்து சேர்வதற்குள் ஊர் திரும்பும் நாளே வந்துவிடலாம். இருவர் துணியையும் இரண்டு பெட்டியிலும் பாதிப் பாதியாக வையுங்கள். மருந்து, ஒரு செட் உடை, பவர் பேங்க் மூன்றும் கைப்பையில்தான். லித்தியம் பேட்டரி என்பதால் பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்.

கார்டுகளிலும் இதே கதைதான். ஒரே கணக்கின் இரண்டு கார்டு போதாது, கணக்கு முடங்கினால் இரண்டும் முடங்கும். வெவ்வேறு வங்கிக் கார்டுகளை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். கடையிலோ ஏடிஎம்மிலோ "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டலாமா?" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். சம்மதித்தால் மாற்று விகிதத்தை வங்கிக்குப் பதில் அந்த இயந்திரக்காரர் வைப்பார், பெரும்பாலும் கூடுதலாகவே.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதி இருக்கிறதா என்று இருவருக்கும் தனித்தனியே பாருங்கள். அருங்காட்சியக விடுமுறை நாளையும் பார்த்துவிடுங்கள்: பாரிஸின் லூவர் செவ்வாய்க்கிழமை திறக்காது.