லுக்லா விமானம் ரத்தானால் என்ன செய்வது? முதன்முறை போகிறவர்களுக்கு

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் நேபாளத்தின் லுக்லாவில்தான் இறங்குகிறார்கள். அங்கே ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர்தான். மேல் முனையில் மலை, கீழ் முனையில் பள்ளத்தாக்கு. இறங்க வந்த விமானம் கடைசி நேரத்தில் மறுபடி மேலெழும்ப இடமில்லை. விமானி கண்ணால் பார்த்தே இறக்க வேண்டும் என்பதால், மேகம் மூடினால் சேவை நின்றுவிடும். இது எந்தப் பருவத்திலும் நடக்கும்.

1. முதலில் நாட்களை ஒதுக்குங்கள். லுக்லாவிலிருந்து திரும்பும் நாளுக்கும் காத்மாண்டுவில் ஊருக்கு விமானம் ஏறும் நாளுக்கும் இடையே குறைந்தது இரண்டு நாள் காலியாக இருக்கட்டும். போகும்போதே ஒரு நாள் வீணானால் அதை இந்த இருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். பலரும் நடைவழியில் உள்ள நாம்சே பஜாரிலும் (3,440 மீட்டர்) திங்போச்சேயிலும் (4,410 மீட்டர்) தங்கும் ஓய்வு நாளை வெட்டி ஈடுகட்டப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காற்றில் ஆக்சிஜன் குறைவதற்கு உடம்பு பழகத்தான் அந்த நாட்கள். அவசரமாக ஏறினால் தலைவலி, வாந்தியில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நாள் போதவில்லையென்றால் அடிவார முகாமை விட்டுவிட்டு, நாம்சேயைத் தாண்டி வரும் தெங்போச்சே பௌத்த மடாலம் வரை போய்த் திரும்புங்கள். அதுவே அருமையான நடை.

2. காலையின் முதல் விமானத்தில் சீட்டு எடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் மேகமும் கூடும். ரத்தானால் மறுநாள் உங்களுக்கு முதலிடம் கிடைக்காது. அன்றைக்குச் சீட்டு உறுதியானவர்கள் போன பிறகே உங்கள் முறை வரும்.

எந்த விமான நிலையம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் மிகுந்த மாதங்களில் பல விமானங்கள் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து கிளம்பும். காத்மாண்டுவிலிருந்து சாலையில் நாலைந்து மணி நேரம் ஆகும் என்பதால் நள்ளிரவு தாண்டியதும் புறப்பட வேண்டியிருக்கும்.

3. பையைப் பிரித்துக் கட்டுங்கள். சின்ன விமானம் என்பதால் எடை கூடினால் பெரிய பை அடுத்த விமானத்தில் வரலாம். கடவுச்சீட்டு, மருந்து, கனமான ஜாக்கெட், தலைவிளக்கு, ரொக்கம் எல்லாம் கைப்பையில்.

4. திரும்பும்போது, முந்தின நாள் மதியமே லுக்லா வந்து பயணத்தை உறுதிப்படுத்துங்கள். சீட்டைக் கொடுத்தால் விடுதிக்காரரே பெரும்பாலும் முடித்துத் தருவார்.

5. ரத்தாகிவிட்டதா? ஒரு நாள் காத்திருங்கள். அன்றைய விமானங்கள் இனி இல்லை என்று உறுதியானதும் செப்லுங் கிராமம் வரை இறங்கி நடந்து வரலாம், ஒரு மணி நேரம்கூட ஆகாது. வழியெங்கும் பௌத்த மந்திரம் செதுக்கிய ‘மணி’ எனப்படும் கற்கள். அவற்றை உங்கள் வலப்பக்கம் விட்டுக் கடப்பதே அந்த ஊர் முறை.

மறுநாளும் மூடியிருந்தால் இரண்டு வழி. ஐந்து பேர் சேர்ந்தால் ஹெலிகாப்டர் எடுக்கலாம். செலவு அதிகம், அதற்கும் வானம் தெளிய வேண்டும். இல்லையென்றால் சுர்கே கிராமம் வழியாகத் தெற்கே இறங்கி நடந்து, ஜீப் கிடைக்கும் இடத்தில் ஏறி சல்லேரி என்ற ஊருக்குப் போய்விடலாம். அங்கிருந்து காத்மாண்டுவுக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் பயணம். மழைக்காலத்தில் அந்த மண்சாலை சேறாகிவிடும்.

எந்த வழியில் போனாலும், விமான அலுவலகத்தில் ரத்துக் கடிதம் ஒன்றை முத்திரையோடு வாங்கிய பிறகே கிளம்புங்கள். காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.