குழந்தைக்குப் பேதியா? பம்பர்ஸைப் பாருங்கள், கரைசலை அளந்து கொடுங்கள்

பம்பர்ஸைக் கழற்றியதும் மலம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வாந்தியும் லேசான காய்ச்சலுமாகத் தொடங்கி, பிறகு தண்ணீராகப் போனால் பெரும்பாலும் ரோட்டா அல்லது நோரோ வைரஸ்தான். சளியும் இரத்தமும் கலந்து, முக்கி முக்கிக் கொஞ்சமாகப் போனால் ஷிகெல்லா போன்ற பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். அரிசி கழுவிய நீர் போல விடாமல் கொட்டினால் காலராவாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் இருக்கின்றனவா என்று மலத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஏழு இடங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2013இல் வெளியானது. கடுமையான பேதிக்கு ரோட்டா, கிரிப்டோஸ்போரிடியம், ஷிகெல்லா, நச்சு சுரக்கும் ஒருவகை ஈ.கோலை ஆகிய நான்கும் முக்கியக் காரணங்கள் என்று அது காட்டியது.

கிருமி எதுவானாலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாவது உடம்பிலிருந்து போகும் நீரும் உப்பும்தான். ஆகவே முதல் மருந்து தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ். குடல் வீங்கியிருக்கும்போதுகூடச் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், பின்னாலேயே தண்ணீரும் போகும். இதனால்தான் அளவு தவறக்கூடாது.

மலேசியாவில் செந்தூலில் வாங்கினாலும் பட்டர்வொர்த்தில் வாங்கினாலும் பாக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். சில பாக்கெட்டுகள் 200 மி.லி.க்கு, சில 250 மி.லி.க்கு, சில ஒரு லிட்டருக்கு. கண்ணளவாக ஒரு கிளாஸில் கொட்டினால் கரைசல் கெட்டியாகும், இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்புகூட வரலாம். தண்ணீர் கூடிப்போனால் பலன் குறையும். பால் புட்டியில் உள்ள கோடுகளை வைத்தே அளக்கலாம். கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். மைலோவோ சீனியோ ரிபேனாவோ சேர்க்க வேண்டாம். மூடி ஃபிரிட்ஜில் வைத்து, 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஐசோடானிக் பானம் இதற்கு ஈடாகாது: சர்க்கரை அதிகம், உப்பு குறைவு.

ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாக மறுபடி தொடங்குங்கள். தாகத்தில் புட்டியை ஒரே மூச்சில் குடிக்க விட்டால் மறுபடி வாந்தி வரும், மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை என்று பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். திட உணவு சாப்பிடும் பிள்ளைக்குக் கஞ்சி, இட்லி, வாழைப்பழம் கொடுக்கலாம், பட்டினி போடக்கூடாது.

ஜிங்க் (துத்தநாகச் சத்து) பற்றி டாக்டரிடம் கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2004இல் சொன்ன அளவு, ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., அதற்குக் கீழ் 10 மி.கி., 10 முதல் 14 நாள் வரை. பேதி நின்ற பிறகும் சொன்ன நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். பேதியை உடனே நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையைக் குழந்தைக்குத் தரவே கூடாது. வைரஸுக்கு ஆன்டிபயாடிக்கும் பயன்படாது, வற்புறுத்திக் கேட்காதீர்கள்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது, மலத்தில் இரத்தம், எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை மூன்று மாதத்துக்குக் கீழ் என்றால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். மயங்கிக் கிடந்தால் 999ஐ அழையுங்கள்.

நோரோ வைரஸைக் கைத்தூய்மி ஜெல் சரியாகக் கொல்லாது. பம்பர்ஸ் மாற்றியதும் சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். தண்ணீர்த் தடை நாட்களில் பிடித்து வைத்ததைக் கொதிக்க வைத்தே கொடுங்கள், கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்குச் சாகாது. ரோட்டா தடுப்பு மருந்து வாய்வழிச் சொட்டு. ஆறு வாரத்திலிருந்து தொடங்கலாம். இரண்டு தவணை வகையை 24 வாரத்துக்குள்ளும், மூன்று தவணை வகையை 32 வாரத்துக்குள்ளும் முடித்துவிட வேண்டும், ஆகவே பிறந்த முதல் மாதத்திலேயே கிளினிக்கில் கேட்டு வையுங்கள்.